நாலு கம்பி டயர்

ஜூன் 22, 2024. சனி

காலையில் துறைமுக ரோட்டில் மறுபடியும் பஞ்சர். உப்பளத்துப் பக்கம் உடைமுள் இல்லாத இடமே கிடையாது. முத்துச்செல்வி ட்யூபை மாற்றினாள், நான் பக்கத்தில் நின்று கருத்துச் சொன்னேன். கிளியரிங் ஆபீசில் நான் டாக்குமெண்ட் செக்‌ஷன், அவள் அக்கவுண்ட்ஸ். சைக்கிளில் மட்டும் அவள்தான் எனக்கு சீனியர்.

டயர் ரெண்டிலும் பக்கவாட்டில் வெடிப்பு விழுந்துவிட்டது. வருகிற வழியில் லிங்கராஜ் அண்ணாச்சி கடையில் நிறுத்திக் கேட்டோம். ரெண்டு வகை இருக்கிறதாம். ரிம்முக்குள் போய் உட்காருகிற ஓரத்தில் எஃகுக் கம்பி ஓடுவது ஒன்று. கனம், மலிவு, எப்போதும் வட்டமாகத்தான் நிற்கும். இன்னொன்றில் கம்பிக்குப் பதில் கெட்டியான நூல். மடித்தால் சாப்பாட்டுப் பொதி அளவுதான் வரும், அதனால் ஃபோல்டிங் டயர். விலை கூட.

"அக்கா, மணப்பாட்டுக்குப் போறதா இருந்தா ஃபோல்டிங்தான். ஒண்ணு கூடுதலா பையில கெடக்கட்டும். வழியில முக்காணி பக்கம் டயர் கிழிஞ்சா யாரைக் கூப்பிடுவீங்க?" என்றாள் முத்து.

செப்டம்பரில் திருச்சிலுவைத் திருநாளுக்கு மணப்பாடு வரை சைக்கிளில் போகிறேன் என்று ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருப்பது நான்தானே. இனி பின்வாங்க முடியாது. ஃபோல்டிங் என்றே முடிவு செய்தேன். என் அளவுக்கு அண்ணாச்சியிடம் இல்லை, சொல்லிவிட்டால் வர நாளாகுமாம்.

ஜூலை 14. ஞாயிறு

என் வீட்டுக்காரர் பர்னபாஸ் ஏதோ துறைமுகத்திலிருந்து போன் பண்ணினார். அடுத்த மாதம் சிங்கப்பூரில் கப்பலை விட்டு இறங்குகிறாராம்.

நான் காத்திருந்தேன். இந்தத் தடவையாவது சொல்லுவார் என்று. "இதான் கடைசி கப்பல்" என்று ஏழெட்டுக் கப்பலுக்கு முன்னாலேயே சொன்ன மனுஷன். மகள் ஸ்டெபி ஆறாம் வகுப்பில் இருந்தபோது சொன்னது. இப்போது அவள் திருச்சியில் விடுதியில் தங்கிக் கல்லூரியில் படிக்கிறாள். நான் இந்த வீட்டில் ஒரு டம்ளர் அரிசி போட்டு, அதிலும் பாதியை மறுநாளைக்கு வைக்கிறேன்.

அவர் கேட்டது என்ன தெரியுமா? "ஏளா, சைக்கிளுக்கு டயர் வேணும்னியே. இங்கன கடையில ரெண்டு விதம் வச்சிருக்கான். மடிக்கிறதா, கம்பியா?"

டயர்! எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. நான் எதற்குக் காத்திருக்கிறேன், இவர் எதைக் கேட்கிறார்.

"கம்பி" என்றேன்.

"கம்பிதானா? மடிக்கிறது பெட்டிக்குள்ள அடங்கிரும் பாத்துக்க."

"கம்பின்னா கம்பிதான்."

மனதுக்குள் ஓடியதை இங்கேயாவது எழுதி வைக்கிறேன். மடித்துப் பெட்டியில் போட்டுக்கொண்டு சுகமாக வர வேண்டாம். அந்த வளையத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு ஏர்போர்ட் ஏர்போர்ட்டாகச் சுமந்து வரட்டும். நாலு பேர் பார்த்துச் சிரிக்கட்டும். என்னையும் கொஞ்சம் சுமந்து பார்க்கட்டும்.

ஜூலை 15. திங்கள்

கூப்பிட்டு மாற்றிச் சொல்லிவிடலாம் என்று ரெண்டு தடவை போனை எடுத்தேன். சொல்லவில்லை.

ஆகஸ்ட் 5. திங்கள்

மாதா திருநாள். கூட்டத்தில் எல்லாப் பெண்களும் புருஷன்மாரோடு வந்திருப்பதாகவே எனக்குத் தோன்றியது. பாதிப் பேர் வீட்டு ஆண்கள் கடலில்தான் என்பது எனக்கும் தெரியும். தெரிந்து என்ன?

ஆகஸ்ட் 24. சனி

வந்துவிட்டார். மெலிந்திருக்கிறார். காதோரம் முழுக்க நரை.

பெட்டியைத் திறந்து காட்டினார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. டயர்களைத் தோளில் மாட்டவும் இல்லை, ஏர்போர்ட்டில் யாரும் சிரிக்கவும் இல்லை. ஒவ்வொரு கம்பி டயரையும் மூன்று சுற்றாகச் சுருட்டி, மேலே ஏறி மிதித்து, ஆரஞ்சு நைலான் கயிறு போட்டு இறுக்கிக் கட்டிப் பெட்டிக்குள் அடக்கியிருக்கிறார். போசன் அல்லவா! கப்பல் மேல்தளத்து ஆட்களுக்கெல்லாம் மேஸ்திரி. எது கையில் கிடைத்தாலும் சுருட்டிக் கட்டிவிட வேண்டும் அவருக்கு. கல்யாணமான புதிதில் என் துவைத்த சேலைகளைக்கூட வடம் சுருட்டுவது போலச் சுருட்டி வைத்தவர்.

எண்ணிப் பார்த்தால் நாலு டயர்.

"ஒரு சைக்கிளுக்கு நாலு டயரா? பழைய இரும்புக் கடை வைக்கப் போறீங்களா?"

"இருக்கட்டும்ளா, கெட்டா போகுது" என்றார். ஒரு மாதிரி சிரித்தார். வாங்கத் தெரியாமல் வாங்கிவிட்டு மழுப்புகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

கோபம் பாதி போய்விட்டது. மீதிப் பாதியைப் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

ஆகஸ்ட் 30. வெள்ளி

சாயங்காலம் ஆபீஸ் வாசலில் வந்து நின்றார். முத்துச்செல்வி என்னை இடித்தாள். ரெண்டு பேரும் கடற்கரை ரோட்டிலேயே நடந்து வந்தோம். மணப்பாட்டுக்கு நான் சைக்கிளில் போக, அவர் பஸ்ஸில் வந்து அங்கே காத்திருப்பாராம். "சிலுவைக்குக் கீழ வச்சு உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றார்.

என்னவென்று கேட்டேன். திருநாள் அன்றைக்குத்தானாம். இன்னொரு கப்பலுக்குக் கையெழுத்துப் போட்டிருப்பார், வேறு என்ன. கோவிலில் வைத்துச் சொன்னால் கத்த மாட்டேன் என்கிற தைரியம்.

செப்டம்பர் 6. வெள்ளி

டயர் மாட்டினார். எங்கேயும் கொடுக்க விடவில்லை, குசினி வாசலில் பழைய சாக்கை விரித்து அவரே உட்கார்ந்துவிட்டார். பின் சக்கரம் பழுதில்லை. முன் சக்கரத்தைச் சுற்றிவிட்டால் ஒரு இடத்தில் மட்டும் மேடு தட்டுகிறது.

"காத்து நல்லா ஏத்தினா தானா உக்காந்துரும்."

"சேலை சுருட்டுற மாதிரி சுருட்டினா இப்படித்தான் இருக்கும்" என்று சொன்னேன். சிரிப்பாகத்தான் சொன்னேன். ஆனால் சொன்னேன்.

செப்டம்பர் 7. சனி

என்னத்த எழுத.

காலையில வழக்கம்போல நான் சைக்கிள் ஓட்டக் கிளம்பி நின்னேன். அவரு வந்து ஹேண்டில புடிச்சுக்கிட்டு, "நீ டீயப் போடு, நான் ஒரு ரவுண்டு போயி பாத்துட்டு வாரேன், அந்த மேடு எனக்குச் சரியாப் படல" என்றார். போனார். டீ கொதித்தது. வரவில்லை. துறைமுக ரோட்டில் வேகமாகப் போகையில் முன் டயர் ரிம்மை விட்டு எகிறி, ட்யூப் வெடித்து, ஆளை அப்படியே வலது பக்கமாகச் சாய்த்துவிட்டது. பின்னால் வந்த லாரிக்காரர் பிரேக் போட்டதால் உயிர் தப்பியது.

வலது தோள் நொறுங்கிக் கிடக்கிறது. நாளைக்கு ஆபரேஷன்.

எனக்காகத்தான் ஓட்டிப் பார்த்தார். நான் விழ வேண்டியது. ஆண்டவரே, நான் விழ வேண்டியது.

செப்டம்பர் 9. திங்கள்

பிளேட் வைத்துத் தைத்திருக்கிறார்கள். மயக்கம் தெளிந்ததும் அவர் முதலில் கேட்டது, "இன்னைக்கு என்ன தேதி?" சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டார்.

செப்டம்பர் 14. சனி

மணப்பாட்டில் திருநாள். நாங்கள் வீட்டில்.

கஞ்சி ஊட்டும்போது, "சிலுவைக்குக் கீழ என்னமோ சொல்லணும்னீங்களே" என்றேன். "அதுவா? ஒண்ணுமில்ல" என்றார். கஞ்சியில் உப்பு குறைவு என்றார். எழுந்து போய் உப்பு எடுத்து வந்தேன்.

செப்டம்பர் 18. புதன்

முத்துச்செல்வி அந்த டயரைக் கொண்டுபோய் லிங்கராஜ் அண்ணாச்சியிடம் காட்டியிருக்கிறாள். அவர் சொன்னதை வந்து சொன்னாள். கம்பி டயரை இறுக்கி மடக்கவே கூடாதாம். உள்ளே கம்பி ஒரு இடத்தில் முறுக்கி ஒடிந்திருக்கிறது. ஒரு தடவை ஒடிந்தால் அது வட்டத்துக்குத் திரும்பாது, காற்று ஏற ஏற அந்த இடம் ரிம்மை விட்டு வெளியே வரத்தான் பார்க்கும்.

"ஃபோல்டிங் வாங்கியிருந்தா எப்படி வேணும்னாலும் சுருட்டியிருக்கலாம்க்கா. அண்ணனுக்கு யாரு கம்பி வாங்கச் சொன்னா?" என்று கேட்டாள்.

அடுப்பில் பால் இருக்கிறது என்று சொல்லி உள்ளே போய்விட்டேன். அடுப்பில் ஒன்றும் இல்லை.

அக்டோபர் 1. செவ்வாய்

இன்று ஒரு வேடிக்கை. காலையில் எழுந்தால் அவர் எனக்கு முன்னால் எழுந்து இடது கையாலேயே சவரம் செய்து, நீல முழுக்கைச் சட்டையை ஒரு தோளில் மாட்டிக்கொண்டு, ஜன்னல் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். துறைமுகத்துக்கு ஆள் ஏற்றிப் போகிற பஸ்ஸையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாப்பிள்ளை எங்கன பொண்ணு பாக்கப் போறாரு?" என்றேன். சிரிக்கவில்லை. பஸ் போன பிறகு, "சட்டையக் கழட்டி விடுளா" என்றார்.

நவம்பர் 10. ஞாயிறு

இதை யாரிடமும் சொல்ல முடியாது. எனக்கு சந்தோஷமாக இருக்கிறது.

ஆபீஸ் விட்டு வந்தால் வீட்டில் விளக்கு எரிகிறது. இடது கையால் வெங்காயம் நறுக்கி வைத்திருக்கிறார், ஒவ்வொரு துண்டும் ஒவ்வொரு கனத்தில். ரெண்டு பேருக்கும் சேர்த்து உலை வைக்கிறேன். கப்பல் கம்பெனி, "உடம்பு தேறட்டும், பிறகு பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டது. அந்தச் செய்தியை அவர் சொன்னபோது நான் உதட்டைப் பிதுக்கிக் காட்டினேன். உள்ளே ஒரு மூலையில் கும்மாளம்.

ஜெபமாலை சொல்லும்போது, தோள் சீக்கிரம் குணமாக வேண்டும் என்று என் வாயில் வரவே மாட்டேன் என்கிறது. இப்படி ஒரு பொம்பளையா நான்? இத்தனை வருஷம் அவர் வீட்டோடு இருக்க வேண்டும் என்று கேட்டேன். கிடைத்தது. நான் சொன்ன கம்பி அவர் தோளை உடைத்துக் கிடைத்தது.

ஜனவரி 12, 2025. ஞாயிறு

டாக்டர் சொன்ன பயிற்சி: சுவரைப் பார்த்து நின்று, விரலால் படியேறுவது போலக் கையை மேலே மேலே கொண்டுபோக வேண்டும். எட்டுகிற இடத்தில் பென்சிலால் கோடு போடுகிறார். கப்பல் எவ்வளவு அமிழ்ந்திருக்கிறது என்று பார்க்கப் பக்கவாட்டில் போட்டிருக்கும் கோடுகள் மாதிரியே சுவர் ஆகிவிட்டது. இன்று காது மட்டத்தைத் தாண்டினார். வலியில் கண்ணில் நீர். நான் பின்னால் நின்று முழங்கையைத் தாங்கினேன். உயர்த்தவும் நான்தான் பிடித்தேன், மனதுக்குள் கீழே இழுத்ததும் நான்தான்.

பின் சக்கரத்தில் இருந்ததையும் கழற்றி, மீதி மூன்று டயர்களையும் மாடிப்படிக்கு அடியில் ஆணியில் மாட்டி வைத்திருக்கிறார். பழைய பேப்பர்காரரிடம் போடலாம் என்றேன். "அது கெடக்கட்டும்" என்றார். குரல் மாறியிருந்தது.

பிப்ரவரி 20. வியாழன்

சென்னைக்குப் போய் மெடிக்கல் முடித்து வந்தார். கப்பலுக்கு ஃபிட்.

"இங்கனயே ஏதாவது பாக்கக் கூடாதா?" என்று கேட்டே விட்டேன். கேட்க வேண்டிய கேள்வி, எத்தனையோ வருஷமாக வாயில் வைத்திருந்தது.

"இங்கன இப்ப எனக்கு யாருளா எடம் வச்சிருக்கா?" என்றார். பிறகு எழுந்து போய்ப் பெட்டியைத் துடைத்தார்.

கப்பல்காரன் வாழ்வு காற்றடித்தால் போச்சு என்பார்கள். இவர் கடலில் எத்தனையோ காற்றைப் பார்த்தவர். இவரை உள்ளூர் ரோட்டில் ஒரு டயர் சாய்த்ததே.

மார்ச் 16. ஞாயிறு

போய்விட்டார். வாகைக்குளத்தில் விமானம் ஏற்றிவிட்டு வந்தேன். கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்தேன், உடனே எடுத்துவிட்டேன். கப்பல்காரன் பெண்டாட்டி கன்னத்தில் கை வைத்தால் கப்பல் கவிழுமாம்.

சுவரில் கோடுகள் இருக்கின்றன. அரிசி ஒரு டம்ளர்.

ஏப்ரல் 26. சனி

நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும்.

இத்தனை மாதமாகத் தொடாத சைக்கிளை முத்துச்செல்விதான் வற்புறுத்தி எடுக்க வைத்தாள். லிங்கராஜ் அண்ணாச்சியிடம் ஃபோல்டிங் டயர் சொல்லியிருந்தேன், வந்துவிட்டது, மாட்டப் போனேன். மாட்டிக்கொண்டே கேட்டார்: "அப்ப அந்த இன்னொரு சைக்கிள் என்ன செய்யட்டும்மா?"

"எந்த சைக்கிள் அண்ணாச்சி?"

கடைக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனார். கறுப்பு நிறம், என் சைக்கிளின் ஆண் ஜோடி. டயர் இல்லாமல் வெறும் ரிம்மோடு நின்றது.

"உங்க வீட்டுக்காரரு கப்பல விட்டு வந்த மறுநாளே வந்து சொல்லி வச்சது. டயர் என்கிட்டயே இருக்கு அண்ணாச்சி, நானே மாட்டிக்கிடுதேன், நீங்க வண்டிய மட்டும் தாங்கன்னாரு. அக்டோபர் ஒண்ணாந்தேதியில இருந்து துறைமுகத்துல கண்டெய்னரக் கட்டுற லாஷிங் சூப்பர்வைசர் வேலை, கப்பல்ல இருக்கும்போதே பேசி முடிச்சாச்சு, இனிமே எங்கயும் போகல, காலையில ரெண்டு பேரும் சைக்கிள்லயே ஒண்ணா வேலைக்குப் போவோம், அவளுக்குத் தெரியாது, மணப்பாட்டுல வச்சுச் சொல்லணும்னு சின்னப் பிள்ளை மாதிரி சொன்னாரேம்மா. கண்டெய்னர் மேல ஏறி இறங்கணும்லா, தோள் போனதும் அந்த வேலைய வேற ஆளுக்குக் குடுத்துட்டாங்களாம். உங்ககிட்ட சொல்லியிருப்பாருன்னுல்ல நினைச்சேன்."

நாலு டயர். எனக்கு ரெண்டு, அவருக்கு ரெண்டு.

நீலச் சட்டை. அந்த பஸ். மாப்பிள்ளை பொண்ணு பாக்கப் போறாரான்னு கேட்டேனே, பாவி நான்!

டயர் எது வேணும்னு அவரு கேட்ட அன்னைக்கே முடிவு பண்ணிட்டாரு. எனக்கு என்ன வேணுமோ அதைக் கையில வச்சுக்கிட்டுத்தான் போன்ல பேசியிருக்காரு. நான் அது வரலைன்னு கோவிச்சுக்கிட்டு அவரு சுமக்கணும்னு கம்பி கேட்டேன். ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு. சுமக்கத்தான் வச்சிட்டேன்.

ஏப்ரல் 28. திங்கள்

இன்றுதான் லைன் கிடைத்தது. டர்பன் பக்கம் எங்கேயோ நங்கூரம் போட்டிருக்கிறார்கள்.

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

என்ன விஷயம் என்று அவர் கேட்கவில்லை. "சிலுவைக்குக் கீழ வச்சுச் சொல்லணும்னு இருந்தேன். அப்புறம் சொல்றதுக்கு ஒண்ணும் இல்லாமப் போச்சுளா."

"அந்தக் கம்பி நான் கோவத்துல கேட்டது. ஃபோல்டிங்தான் எனக்கு வேண்டியிருந்தது. நீங்க கஷ்டப்பட்டுத் தூக்கிட்டு வரணும்னு..."

"தெரியும். உங் குரல்லயே தெரிஞ்சது."

"தெரிஞ்சும் ஏன் அதையே வாங்குனீங்க?"

"நீ எங்கிட்ட இது வேணும்னு ஒண்ணு கேட்டு எத்தனை வருசமாச்சு? அதையும் நானா மாத்தி வாங்கிட்டு வரவா?" என்றார். அப்புறம், "பெட்டிக்குள்ள அடங்கணும்னு நாந்தான் ஏறி மிதிச்சேன். உன் மேல தப்பில்ல" என்றார்.

பின்னால் யாரோ அவரைக் கூப்பிட்டார்கள். தோள் எப்படி இருக்கிறது என்று கேட்டேன். மழை நாளில் மட்டும் கொஞ்சம் பேசும் என்றார்.

மே 3. சனி

அவர் சைக்கிளை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். அண்ணாச்சி தன் லோடு ஆட்டோவில் ஏற்றி அனுப்பினார். "இதுக்கு எது, கம்பியா ஃபோல்டிங்கா?" என்று கேட்டார். ஃபோல்டிங் என்றேன். புதுசு மடிப்போடு வரும், மாட்டுவதற்கு முன் ஒரு நாள் வெயிலில் தொங்கவிட வேண்டும் என்று சொன்னார். ஒரு நாளுக்கு என்ன அவசரம்? அவர் டிசம்பரில்தான் இறங்குகிறார், அதுவரை நாள் கிடக்கிறது. மொட்டை மாடிக் கொடியில் தொங்கவிட்டிருக்கிறேன்.

கம்பி டயர் மூன்றையும் தூக்கிப் போட மனம் வரவில்லை. அவை ஆணியிலேயே இருக்கட்டும்.

செப்டம்பர் 14. ஞாயிறு

மணப்பாடு போய் வந்தேன். முத்துச்செல்விக்கு உடன்குடியில் அம்மா வீடு, ஆத்தூர் தாண்டி அவள் கூடவே வந்து, குலசேகரன்பட்டினத்துக்கு முன்னால் அந்தப் பக்கம் திரும்பிவிட்டாள். மீதி வழி தனியாக. எதிர்க்காற்று. பையில் மடித்து வைத்த டயர் ஒன்று இருந்தது, தேவைப்படவே இல்லை. ஒரு முள் கூடக் குத்தவில்லை.

குன்றில் நல்ல கூட்டம். சைக்கிளைக் கீழே பூட்டிவிட்டு மேலே ஏறி, சிலுவை தெரிகிற இடத்தில் நின்று அவருக்குப் போன் பண்ணினேன். கிடைக்கவில்லை. மறுபடி பண்ணினேன். நடுக்கடலில் இருப்பார்.

அதனால் அவர் சொல்ல இருந்ததை நானே என்னிடம் சொல்லிக்கொண்டேன். சத்தமாக, அவர் சொல்லுகிற மாதிரியே. "ஏளா ஹில்டா, இனிமே நான் எங்கயும் போகல."

பக்கத்தில் நின்ற அம்மா திரும்பிப் பார்த்தாள். நான் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு கீழே இறங்கினேன். திரும்பி வருகிற வழியில் காற்று பின்னாலிருந்து தள்ளியது.